உழைப்பு வேறு, பயிற்சி வேறு

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் வீற்றிருக்கும் நீர்காத்த அய்யனாரை இவ்வட்டாரத்து அங்கத்தினர்களுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டிய அவசியம் இல்லை. மலையில் மழை பெய்து ஆற்றில் நீர் இறங்கிவிட்டால், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து நெசவாளர் குடும்பங்களும் விவசாயக் குடும்பங்களும் பானையும் பண்டமுமாய் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவது வழக்கம். வெள்ளத்துக்கு அஞ்சி வனத்துறையார் தடுக்கும் நாட்களில் மாத்திரமே அந்தப் பாதை வெறிச்சிட்டுக் கிடக்கும். சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தின் தணிக்கையை முடித்த மறுநாள், அச்சங்கத்து அங்கத்தினர் சிலர் பொங்கல் வைக்கப் புறப்பட்டபோது என்னையும் அழைத்தனர். பேரேடுகளிலிருந்து ஒரு நாள் விடுதலை கிடைத்த மகிழ்ச்சியில் நானும் சென்றேன். ஆற்றுக்குள் அன்று நான் கண்ட காட்சிகளே இக்கட்டுரைக்குக் காரணம்.

எங்களோடு வந்தவர்களில் ஒருவர் 61 வயது நெசவாளர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குழித்தறியில் அமர்ந்தவர். குளித்துவிட்டு, முழங்கால் உயரமே உள்ள ஒரு பாறையின்மேல் ஏற முயன்றார், இயலவில்லை. கைகளை ஊன்றிப் பார்த்தார், அப்போதும் இயலவில்லை. முடிவில் இருவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டோம். "உட்கார்ந்தே பழகின காலு ஐயா, ஏறச் சொன்னா ஏறமாட்டேங்குது" என்று சிரித்தார். அச்சிரிப்பில் வெட்கம் கலந்திருந்தது. அதே நேரத்தில், அவரைவிடப் பத்து வயதாவது மூத்தவரான ஒரு விவசாயக் குடும்பத்து அம்மாள், இடுப்பில் நிறைகுடத்தோடு கல்லுக்குக் கல் தாவாத குறையாக நடந்து கரையேறினார்.

நெசவாளரின் பேரன் பதினான்கு வயதுப் பையன். தோழர்கள் உசுப்பிவிட, ஆற்றில் கிடந்த ஓர் உருண்டைக் கல்லைக் கட்டிப் பிடித்துத் தூக்க முயன்றான். கரையிலிருந்த பாட்டி, "ஏலே, போடு அதை! கல்லைத் தூக்குனா வளர்த்தி நின்னு போகும்லே!" என்று கூவினார். பையன் போட்டுவிட்டான். 'கல்லைத் தூக்குவது எப்படியென்று காட்டுகிறேன் பார்' என்று, முப்பத்தைந்து வயதும் ஒரு பட்டமும் உடைய அடியேன் குனிந்தேன். கல் நிலத்தைவிட்டு ஒரு சாண் எழுந்தது. என் இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்கு நாட்கள் நிமிர்ந்து நடக்க முடியாமல் அலுவலகம் சென்றுவந்தேன் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு சங்கங்களுக்குச் செல்லும்போதெல்லாம் தேகப் பயிற்சியைப் பற்றி அங்கத்தினர்களிடம் பேச்சுக் கொடுத்து வருகிறேன். எங்கும் கிடைக்கும் விடை ஒன்றே: "நாங்கள் நாள் முழுதும் உழைக்கிறவர்கள், எங்களுக்குப் பயிற்சி எதற்கு? அதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உத்தியோகஸ்தர்களுக்கு அல்லவா வேண்டும்?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆயினும் இவ்விடை தவறானது என்பதும், இந்தத் தவறு நம் அங்கத்தினர்களின் முதுமையைப் பாழாக்கி வருகிறது என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

தறியை எடுத்துக்கொள்வோம். வலக்கை நாடாவை இழுக்கிறது; இடக்கை பலகையைத் தள்ளி அடிக்கிறது; பாதங்கள் மிதியை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. ஒரு நாளில் இவ்வசைவுகள் பல்லாயிரக்கணக்கில் நடைபெறுகின்றன. ஆனால் ஒவ்வோர் அசைவுக்கும் வேண்டிய பலம் மிகச் சிறிது. பத்தொன்பது வயதில் எவ்வளவு பலம் கொண்டு மிதித்தாரோ அவ்வளவே அறுபது வயதிலும் போதும். தசையின் சுபாவம் யாதெனில், பழகிய சுமைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் அது வளரும். அதற்குமேல் ஒரு பலம் கேட்டால்தான் மேலும் வளரும். கேளாதவற்றை மெல்ல மெல்லக் கைவிட்டுவிடும். தறியில் தொடையின் பெருந்தசையும் பிட்டத்தின் தசையும் நாள் முழுதும் உறங்குகின்றன. முதுகோ வளைந்தபடியே விறைத்து நிற்கிறது. அதற்கு உழைப்பு உண்டு, ஓய்வு இல்லை. ஆகவே மாலையில் களைப்பு வருகிறது. களைப்பு வருவதால் பலமும் வருவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம்.

விவசாய அங்கத்தினர்களின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே சுமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. சுமைக்கு அளவும் முறையும் இல்லை என்பதே குறை. நெல் மூட்டையும் உர மூட்டையும் தூக்குகிறவருடைய வயதையோ முதுகையோ விசாரித்துவிட்டு வருவதில்லை. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967ஆம் ஆண்டிலேயே, வயதுவந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டலாகாது என்று பரிந்துரை செய்தது. நம் நாட்டில் யூரியா மூட்டை 2018ஆம் ஆண்டில்தான் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தது. அறுவடைக் காலத்தில் பதினைந்து நாட்கள் முதுகு ஒடியச் சுமப்பதும், பிறகு மூன்று மாதம் எதையும் தூக்காதிருப்பதும் தசைக்குப் பயிற்சி ஆகாது. காயத்துக்கு வழி என்றே சொல்ல வேண்டும்.

இது என் சொந்தக் கற்பனை அன்று. பதினேழு ஆய்வுகளில் இடம்பெற்ற ஏறக்குறைய 1,94,000 பேரின் விவரங்களைத் தொகுத்து 2018ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. தொழிலில் கடுமையான உடலுழைப்பு உடைய ஆண்களிடையே, குறைந்த உழைப்புடையோரைவிட அகால மரணம் 18 சதவீதம் மிகுந்திருந்தது. ஓய்வு நேரத்தில் செய்யும் தேகப் பயிற்சி ஆயுளைக் கூட்டுகிறது என்பதோ பல காலமாக அறிந்த செய்தி. உழைப்பவர்களின் வறுமையும் புகைப்பழக்கமும் இந்தக் கணக்கில் ஓரளவு கலந்திருக்கலாம். எனினும் உழைப்பையும் பயிற்சியையும் ஒரே தலைப்பில் வரவு வைக்கலாகாது என்பதற்கு இது போதிய சாட்சியம்.

இனி அந்தப் பாட்டியின் கூக்குரலுக்கு வருவோம். வளர்த்தி நின்றுவிடும் என்ற அச்சம் நம் ஊரில் மட்டும் அன்று, மேல்நாடுகளிலும் வெகுகாலம் நிலவியது. தகுந்த மேற்பார்வையில் முறையாகச் செய்யும் வலிமைப் பயிற்சியினால் எந்தப் பிள்ளையின் வளர்ச்சியும் குன்றியதாக ஆராய்ச்சியாளர் எவரும் காணவில்லை. மாறாக எலும்பு கெட்டிப்படுகிறது. விளையாட்டில் ஏற்படும் காயங்கள் குறைகின்றன. ஐந்து வயது முதல் பதினேழு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாட்களாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020ஆம் ஆண்டு நெறிமுறைகளில் கூறுகிறது. ஆகவே பாட்டி சொன்ன காரணம் தவறு. ஆனால் 'போடு' என்றாரே, அது முற்றிலும் சரி! உசுப்பிவிட்டதற்காக ஒரே மூச்சில் பெருங்கல்லைத் தூக்குவது பயிற்சியே அன்று, பந்தயம். பதினான்கு வயதில் அது கூடாது. முப்பத்தைந்து வயதிலும் கூடாது என்பதற்கு என் இடுப்பு சாட்சி.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். தென்பாண்டி நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் ஊர் மந்தையிலோ கோவில் முன்பாகவோ இன்றும் இளவட்டக்கல் கிடப்பதைக் காணலாம். அதைத் தூக்குகிறவனுக்கே பெண் கொடுப்பார்கள் என்ற பேச்சைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். எத்தனை பெண்கள் அவ்வாறு கொடுக்கப்பட்டனரோ, எனக்கு ஐயமே. அதைவிட எண்ணிப் பார்க்க வேண்டியது கல்லைத் தூக்கும் முறையாகும். கல்லின் அருகே கால்களை மடக்கிக் குந்தி, முதலில் அதைத் தொடைமேல் உருட்டி ஏற்றி, பிறகு மார்போடு அணைத்து, கால்களின் பலத்தால் எழுந்து, அதன் பின்னரே தோளுக்குக் கொண்டுபோவார்கள். முதுகை வில்லாய் வளைத்துக்கொண்டு யாரும் அதைத் தூக்குவதில்லை. திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் ஒவ்வொரு பொங்கலுக்கும் நடைபெறும் இளவட்டக்கல் போட்டியில், பல எடைகளில் கற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். மிகப் பெரியது நூறு கிலோவுக்கு மேல். பெண்களும் கல் தூக்குகிறார்கள். சிறிய கல் கைவந்த பிறகே அடுத்த கல்.

இந்த 'அடுத்த கல்' என்னும் எண்ணத்தைத்தான் மருத்துவம் பிற்காலத்தில் கண்டுபிடித்தது. இரண்டாம் உலகப் போரில் கால் முறிந்து வந்த அமெரிக்கப் போர்வீரர்களுக்கு, அக்கால மருத்துவர்கள் இலேசான அசைவுகளையே நூற்றுக்கணக்கான முறை செய்யச் சொல்லி வந்தனர். தாமே எடை தூக்கிப் பழகியவரான தாமஸ் டிலார்ம் என்னும் மருத்துவர், குறைந்த தடவைகள், கூடுதலான எடை, வாரந்தோறும் எடையைச் சிறிது உயர்த்துதல் என்ற முறையைக் கையாண்டு, அதன் பயனை 1945ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று உலகெங்கும் உள்ள உடற்பயிற்சிக் கூடங்களின் அடிப்படை அதுவே. நம்முடைய கர்லாக்கட்டையை வெள்ளையர்கள் தங்கள் நாட்டுக்கு எடுத்துச் சென்று பழகியதையும், கட்டை சுழற்றுதல் 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக்கில் போட்டியாகவே இடம்பெற்றதையும் இங்கே நினைவூட்டலாம். நாமோ கர்லாக்கட்டையைப் பரண்மேல் போட்டுவிட்டோம்.

வாலிபப் பருவத்தில் பயிற்சியைத் தொடங்குகிறவர்களுக்கு முதல் மூலதனம் தம் சொந்த உடலே. தண்டால், பஸ்கி, ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறுதல் ஆகியவற்றைச் செவ்வையாகச் செய்யக் கற்ற பிறகு சிறு எடைக்குப் போகலாம். பத்து முதல் பதினைந்து முறை சிரமமின்றித் தூக்கக்கூடிய எடையே ஆரம்பத்துக்கு உகந்தது. பதினைந்தும் எளிதானபின் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் எடையைக் கூட்டலாம். முதல் சில வாரங்களில் பலம் விரைவாகக் கூடும்; ஆனால் கண்ணாடியில் மாற்றம் தெரியாது. காரணம், அப்போது வளர்வது தசை அன்று. இருக்கும் தசையை முழுமையாக ஏவுவதற்கு நரம்புகள் கற்றுக்கொள்கின்றன. இதை அறியாத பிள்ளைகள் ஒரு மாதத்தில் மனம் சோர்ந்து, யாரோ விற்கும் பொடியையும் மாத்திரையையும் ஊசியையும் நாடுகிறார்கள். நகரங்களில் புதிதாய் முளைத்துள்ள கூடங்கள் சிலவற்றில் இவ்வியாபாரம் நடப்பதாக அங்கத்தினர்கள் என்னிடம் வருந்தியதுண்டு. பெற்றோர் கண்காணிக்க வேண்டியது கல்லை அன்று, அந்த ஊசியை.

பெண்பிள்ளைகளை மறக்கலாகாது. மனிதருடைய எலும்பின் கெட்டி முப்பது வயதுக்குள் உச்சத்தை அடைந்துவிடுகிறது. அதன் பிறகு இருப்பதைக் காப்பாற்றுவதே வேலை. மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கு எலும்பு விரைவாகத் தேய்வதால், இளமையில் சேர்க்கும் கையிருப்பு அவர்களுக்கே மிகவும் தேவை. பக்கத்து ஆந்திர மாநிலத்துக் கர்ணம் மல்லேஸ்வரி 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் எடை தூக்கிப் பதக்கம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியானார். நம் சங்கங்களில் தார் சுற்றும் பெண்கள் பகல் முழுதும் தரையில் உட்கார்ந்து கையை மட்டும் சுழற்றுகின்றனர். அவர்களுக்குப் பயிற்சி வேண்டாம் என்று தீர்மானித்தவர் யார்?

நடுவயதினரைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. என் வயதினரான அவர்களுக்குச் சாக்குச் சொல்வதைத் தவிர வேறு நோய் பெரும்பாலும் இல்லை. முப்பது வயதைத் தாண்டியபின் பயிற்சியற்ற உடலில் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம்வரை தசை குறைகிறது. அறுபதுக்குமேல் அந்த வேகம் கூடுகிறது. நாம் உண்ணும் சோற்றின் சர்க்கரையைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்ளும் களஞ்சியமும் தசையே. களஞ்சியம் சுருங்கினால் சர்க்கரை இரத்தத்தில் தேங்கும். இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என்று 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு தெரிவித்தது. வாரத்தில் இரண்டு நாட்கள், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம், கால், முதுகு, மார்பு, தோள், கை ஆகிய எல்லாவற்றுக்கும் வேலை கொடுத்தால் போதும். இரு பயிற்சிக்கும் இடையே ஒரு நாளாவது இடைவெளி விட வேண்டும். ஓய்வில்தான் தசை கட்டப்படுகிறது.

வயோதிகர்களைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுகிறேன். அறுபது வயதான நெசவாளர் தறிக்குழியிலிருந்து எழுவதை நாம் தினமும் பார்க்கிறோம், பார்த்தும் கவனிப்பதில்லை. ஒரு கையைப் படிமரத்தில் ஊன்றுவார். மறு கையைத் தரையில் ஊன்றுவார். ஒரு முழங்காலை மேலே போடுவார். பெருமூச்சு விட்டு எழுவார். பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ நகரில், 51 முதல் 80 வயதுவரை உள்ள 2002 பேரைத் தரையில் உட்காரச் செய்து, பிறகு எழச் செய்து, அதற்கு மதிப்பெண் போட்டார்கள். உட்கார்வதற்கு 5, எழுவதற்கு 5. கையையோ முழங்காலையோ ஒரு முறை ஊன்றினால் ஒரு மதிப்பெண் குறையும். அவர்களைச் சுமார் ஆறாண்டுக் காலம் கவனித்து 2012ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். 3 அல்லது அதற்குக் கீழ் பெற்றவர்களிடையே மரணம், 8 அல்லது அதற்கு மேல் பெற்றவர்களிடையே நேர்ந்ததைப் போல் ஐந்து மடங்குக்கும் மிகுதி. எழ முடியாமை மரணத்துக்குக் காரணம் என்பது இதன் பொருள் அன்று; உடலின் கணக்கில் நட்டம் ஏறிவருவதைக் காட்டும் ஐந்தொகை அது. தணிக்கைக்குப் பேரேடு ஐந்து வேண்டும் எனக்கு. உடலைத் தணிக்கை செய்யத் தறிக்குழி ஒன்றே போதும்.

கைப்பிடியின் பலமும் இத்தகைய அளவுகோலே. இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரின் கைப்பிடியை அளந்து 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், பிடியின் பலம் 5 கிலோ குறையும்தோறும் மரண அபாயம் 16 சதவீதம் உயர்ந்தது தெரிந்தது. இரத்த அழுத்தத்தைக் காட்டிலும் கைப்பிடியே நன்றாக முன்னறிவித்தது என்பது வியப்பு. 'முன்போல் நாடாக் கயிற்றைப் பிடிக்க முடியவில்லை' என்று ஒருவர் சொல்லும்போது நாம் கூலிக் குறைவை மட்டும் நினைக்கிறோம்.

இழந்ததை மீட்க முடியுமா என்பதே வயோதிக அங்கத்தினர் கேட்கும் கேள்வி. முடியும் என்பதற்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து 1990ஆம் ஆண்டில் வந்த ஒரு செய்தியை நான் எல்லாச் சங்கங்களிலும் சொல்லி வருகிறேன். மரியா ஃபியட்டரோன் என்னும் மருத்துவ அம்மையார், முதியோர் இல்லத்தில் வசித்த 86 முதல் 96 வயதுவரை உள்ள பத்துப் பேரைத் தேர்ந்து, எட்டு வாரங்கள் தொடைத் தசைக்குக் கனமான எடைப் பயிற்சி கொடுத்தார். தொண்ணூறு வயதினருக்குக் கனமான எடையா என்று பலரும் திகைத்தனர். ஒன்பது பேர் பயிற்சியை முடித்தனர். அவர்களுடைய தொடையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது! பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில் அந்தப் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரைந்தும் போயிற்று. தொண்ணூறில் இயலுமானால், 61 வயது நெசவாளர் 'இனி என்ன இருக்கிறது' என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

அவருக்குச் சொன்ன பயிற்சி மிக எளியது. சுவரோடு சாய்த்த ஒரு பெஞ்சில் அமர்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்று மெல்ல உட்கார வேண்டும். எட்டு முறை எளிதானால் பன்னிரண்டு; பன்னிரண்டும் எளிதானால் கையில் ஒரு நூல் சிப்பம். பழைய பத்து ராத்தல் சிப்பம் ஏறக்குறைய நாலரைக் கிலோ. இதைவிடக் கைக்கு அடக்கமான எடை வேறெங்கும் கிடைக்காது. அப்புறம் சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், குதிகாலை உயர்த்தி இறக்குதல், ஒரு காலில் நிற்றல். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் வாரத்தில் மூன்று நாட்களாவது பலத்தோடு சமநிலையையும் பழக வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுவதன் காரணம், அவர்கள் விழாமலிருக்க வேண்டும் என்பதே. முதுமையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களுள் மீண்டும் பழையபடி நடமாடாதவர் பலர். நம் சத்திரப்பட்டித் தறிகள் நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்குக் கட்டுத்துணி நெய்து அனுப்புகின்றன. அத்துணி நம் வீட்டுப் பெரியவர்களின் காலைச் சுற்ற வேண்டாம் என்றே நான் விரும்புகிறேன்.

எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். எடையைத் தூக்கும்போது மூச்சை அடக்கலாகாது. தூக்குகையில் வெளியே விட வேண்டும். அடங்காத இரத்த அழுத்தம், நெஞ்சுவலி, குடலிறக்கம் உடையவர்களும், கண்ணில் அண்மையில் அறுவை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேளாமல் தொடங்கக் கூடாது. மூட்டு குத்தினால் நிறுத்த வேண்டும். தசை வலித்தால் இரண்டு நாளில் தீரும்.

உணவின்றிப் பயிற்சி பலிக்காது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டுமென்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கு கூறுகிறது. அறுபது கிலோ உடலுக்கு ஐம்பது கிராம். மூன்று வேளையும் சோறும் குழம்புமாக இருக்கும் வீட்டில் இது நிறைவது அரிது. பருப்பும் நிலக்கடலையும் மொச்சையும் முட்டையும் விலையுயர்ந்த பொடிகளைவிட மலிவானவை. நியாயவிலைக் கடைத் துவரம் பருப்பை வாங்கி விற்றுவிடும் குடும்பங்களை நான் அறிவேன். அவர்கள் விற்பது பருப்பை மட்டுமன்று.

நேரமில்லை என்பார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் கேட்கிறேன். கூலி குறையும் என்று அஞ்சுகிறவர்கள், முதுகுவலியால் தறி நின்ற நாட்களைத் தங்கள் கூலிப் புத்தகத்தில் எண்ணிப் பார்க்கட்டும். வெட்கமாயிருக்கிறது என்பார்கள். இதுவே உண்மையான தடை என்பது என் கருத்து. ஐம்பது வயதுக்காரர் தனியே நின்று பஸ்கி எடுத்தால் தெருவே சிரிக்கும். இருபது பேர் சேர்ந்து எடுத்தால் சிரிப்பதற்கு ஆள் குறையும். தனியாளால் இயலாததைப் பலர் கூடிச் செய்வதற்காகத்தானே நம் இயக்கம் பிறந்தது! சர்வதேசக் கூட்டுறவு ஆண்டென்று 2025ஆம் ஆண்டில் எத்தனையோ கொடிகள் ஏற்றினோம், மரங்கள் நட்டோம். அந்தக் கிடங்கின் ஒரு மூலையில் ஒரு பயிற்சிக் களம் அமைக்க எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான் தோன்றவில்லை.

ஆகவே நிர்வாகக் குழுக்களின் முன் என் யோசனையை வைக்கிறேன். பெரும்பாலான நெசவாளர் சங்கங்களில் ஜவுளிக் கிடங்கின் ஒரு பகுதி ஆண்டில் பல மாதம் காலியாகவே இருக்கிறது. துணைவிதி இடங்கொடுக்குமானால் பொதுநல நிதியிலிருந்து ஒரு சிறு தொகையைப் பேரவையின் அங்கீகாரம் பெற்று ஒதுக்கலாம். இயந்திரங்கள் வேண்டாம், அவற்றைத் தணிக்கையில் எழுதித் தள்ளுவது எனக்குத்தான் தொல்லை. இரண்டு பெஞ்சு, சுவரில் ஓர் இரும்புக் கம்பி, நாலைந்து கர்லாக்கட்டை, மணல் மூட்டைகள் சில. அருகில் உள்ள பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரை மாதம் இருமுறை அழைத்து முறையைச் சரிபார்க்கச் சொல்லலாம். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும். பிள்ளைகளைப் பெரியவர் ஒருவர் இல்லாமல் உள்ளே விடக் கூடாது.

அய்யனார் கோவிலுக்கு என்னை அழைத்துச் சென்ற சங்கத்தில் இதைத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. வருபவர்கள் பதினெட்டுப் பேர். முதல் மாதத்தில் முப்பதுக்கு மேல் இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பேரன் இப்போது 15 கிலோ மூட்டையை முதுகு வளையாமல் எடுக்கிறான். பாட்டிக்கு இன்னும் சம்மதமில்லை; ஒவ்வொரு மாதமும் அவனைக் கதவுநிலையில் நிறுத்தி உயரத்தைக் கோடு போட்டுப் பார்க்கிறாராம். தாத்தா தறிக்குழியிலிருந்து எழும்போது இரு கைக்குப் பதில் ஒரு கையை ஊன்றுகிறார். நான் இன்னும் ஆற்றுக் கல்லின் அருகே போகவில்லை.

மணல் மூட்டைக்குப் பழைய சணல் சாக்கு போதும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை இட்டால் மணல் சிந்தாது. 5, 10, 15, 20 கிலோ என்று சங்கத்துத் தராசிலேயே நிறுத்து, வாயைத் தைத்து, எடையை மையினால் பெரிதாக எழுதிவிடலாம். தையல் கூலியையும் சேர்த்துச் செலவுச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.